உட்கார்ற இடத்துல மதமதப்பு

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்ல. மாங்காய் டிராக்டர் வரிசை பைபாஸ்ல ஆரம்பிச்சு நம்ம தெருமுனை வரைக்கும். சித்தூர் பூரா ஜூஸ் ஃபேக்டரி வாசனை, புளிச்ச தோத்தாபுரி.

வாங்க வேண்டியது: ஜெல் 2 பாட்டில், பஞ்சு, ஒத்தடப் பைக்கு உறை. வலிக்கு வைக்கற கரண்ட் மெஷின்ல ஒரு ஒயர் லூசு. ஆள் கூப்பிடணும்.

பிசியோதெரபி கிளினிக்குக்கு இன்னிக்கு பதினோரு பேர். அதுல ஏழு பேர் இடுப்பு வலி. இங்க எல்லார் வாயிலயும் வர்ற மாதிரி, "நடுமு நொப்பி." மாங்காய் க்ரேட் தூக்கினவங்க நாலு. டிராக்டர் சீட்டுல ரெண்டு நாளா வரிசையில காத்திருந்த விவசாயி ஒருத்தர். பேங்க்ல வேலை செய்யற அம்மா, நாள் பூரா ஒரே நாற்காலி. வீடு மாத்தறேன்னு தனியா பீரோவைத் தள்ளின ஒருத்தர்.

ஏழும் சாதா சதைப்பிடிப்பு. ஏழு பேருக்கும் அதே பேச்சு. படுத்தே கெடக்காதீங்க, மெதுவா நடங்க, சூடு ஒத்தடம் வைங்க. தூக்கும்போது முட்டியை மடக்குங்க, சாமானை வயித்துக்கிட்ட வெச்சுத் தூக்குங்க. பெல்ட்டை நாள் பூரா கட்டாதீங்க. ரெண்டு மூணு வாரத்துல தன்னால கொறையும். ஸ்கேன் இப்ப வேணாம். விவசாயிக்கு நம்பிக்கை இல்ல. ஸ்கேன் எடுக்கலன்னா புத்தூர் போய் கட்டாவது போட்டுக்கறேன்னார். கட்டு எலும்புக்குங்க, உங்களுக்கு எலும்பு ஒடையலன்னேன்.

ஏழு பேர்கிட்டயும் அந்த நாலு கேள்வி. கால்ல பலம் கொறையுதா. உட்கார்ற இடம், தொடை நடுவுல, மரத்துப்போச்சா. ஒண்ணுக்கு, வெளிக்கி போறதுல ஏதாவது மாறியிருக்கா. காய்ச்சல், காரணமே இல்லாம இளைக்கறது. ரெண்டு தடவை கேட்டேன். விவசாயி சிரிச்சார். இடுப்பு வலிக்கு வந்தவன்கிட்ட ஒண்ணுக்கப் பத்தி கேக்கறியேம்மான்னு.

சாயங்காலம் நாலு மணி வாக்குல போன். தெரியாத நம்பர்.

"மேடம், நான் அமுலு. கங்காதர நெல்லூர். பால் வேன் முனிரத்தினம் ஊட்லேர்ந்து பேசறேன்."

பேரைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு.

திருப்பதி ஆஸ்பத்திரியில அவ வீட்டுக்காரரை, பக்கத்துலயே யாரையாவது வெச்சு எக்சர்சைஸ் செய்யச் சொல்லியிருக்காங்களாம். ஆட்டோவுல ஏற எறங்க அவரால முடியலையாம். வீட்டுக்கு வரமுடியுமான்னு கேட்டா. "அந்த மேடம் கைராசி நல்லா இருக்கும், அவங்களையே கூப்டுன்னார்" அப்படின்னா.

நாளைக்கு வரேன்னு சொன்னது என் வாய்தான்.

ஜூலை 8, செவ்வாய்

போறதுக்கு முன்னாடி எழுதிடறேன். இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல.

போன வருஷம் மார்ச். முனிரத்தினம் ஊர் ஊரா பால் கேன் ஏத்தற வேன் டிரைவர். நாப்பது லிட்டர் கேனை அவரே தூக்கி ஏத்துவார். ஒரு திங்கட்கிழமை காலையில இடுப்பைப் பிடிச்சுக்கினு வந்தார். ரெண்டு காலும் இழுக்குதுன்னார். இரண்டாவது கட்டில்ல படுக்கவெச்சேன். கரண்ட், ஒத்தடம். எழுந்திருக்கும்போது கட்டில் ஓரத்துல உட்கார்ந்துக்கினு சொன்னார். "ஒக்காந்தா ஒக்காந்த மாதிரியே தெரியல மேடம்."

சரியாயிடும், புதன்கிழமை வாங்கன்னேன்.

புதன்கிழமையும் வந்தார். மறுபடியும் கரண்ட், ஒத்தடம். அன்னிக்கு சாயங்காலம் ஒண்ணுக்கு அடைச்சுக்கிச்சு. வியாழக்கிழமை திருப்பதி, வெள்ளிக்கிழமை ஆபரேஷன். முதுகுத்தண்டு ஜவ்வு பிதுங்கி கீழே போற நரம்புக் கொத்தையே நசுக்கியிருக்கு. படிக்கும்போது முதல் வருஷத்துலயே சொல்லிக்கொடுத்தது. உட்கார்ற இடம் மரத்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போய்ப் பாக்கல. பதினாறு மாசமா அந்த ரோட்டுப் பக்கமே போகல. நகரிக்கு அம்மா வீட்டுக்குப் போறதானாக்கூட வேற வழி.

இரண்டாவது கட்டில்ல இப்ப யாரையும் படுக்கவைக்கறதில்ல. துணி மடிச்சு வைக்கறேன்.

—

போயிட்டு வந்தாச்சு.

ரெண்டு ரூம் வீடு. அமுலுவுக்கு முப்பது இருக்கும். ஜன்னல் ஓரம் தையல் மெஷின், ரவிக்கைத் துணி குவியல். அவர் நாற்காலியில, கீழ ஒரு ரப்பர் மெத்தை. தோள் இன்னும் அதே தோள், கேன் தூக்கின தோள். இடுப்புக்குக் கீழ வேற யாரோ. இடது பாதம் தொங்குது. வாக்கர் பிடிச்சு வாசல் வரைக்கும் நடக்கறார். ஒண்ணுக்கு டியூப் விட்டுத்தான் எடுக்கணும், நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா. காலண்டர்ல அமுலு பென்சில்ல கோடு போட்டு வெச்சிருக்கா, ஒரு நாளுக்கு ஆறு கோடு.

என்னைப் பாத்ததும் எழுந்திருக்கப் பாத்தார். வேணாம்னேன்.

செஞ்சது: பாதம் மேல தூக்கறது 10 × 2. படுத்து இடுப்பு தூக்கறது 8. உட்கார்ந்து எழறது 5, அஞ்சாவதுல வேர்த்துக்கொட்டிடுச்சு. பாதத்துக்கு ஒரு தாங்கி வாங்கச் சொன்னேன்.

குரல் மட்டும் மாறவே இல்ல. அதே குரல்ல "மேடம், டீ குடிங்க"ன்னார். நின்னுக்கினே குடிச்சுட்டுக் கெளம்பிட்டேன். 

ஜூலை 10, வியாழன்

காலையில தூறல், பத்து நிமிஷம்.

முனிரத்தினம் இன்னிக்கு உட்கார்ந்து எழறது ஏழு. முகத்துல சந்தோஷம். பழைய கதையெல்லாம் சொன்னார். எந்தெந்த ஊர்ல எந்த வீட்டு பால் கெட்டி, எதுல தண்ணி. கேட்டுக்கினே செஞ்சேன். கொஞ்ச நேரம் எல்லாம் மறந்துபோச்சு.

கெளம்பும்போது அமுலு வாசல் வரைக்கும் வந்தா. நான் செருப்பு போட்டுக்கினு இருந்தேன். குரலை எறக்கிச் சொன்னா.

"நான்தான் மேடம் அவர இப்டி பண்ணது."

என்னன்னு கேட்டேன். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவர் குப்புறப் படுத்துக்கினு, வலி தாங்கல, ஏறி மிதின்னு சொன்னாராம். இவ ஏறி மிதிச்சிருக்கா. இடுப்புல, குதிகாலால, பத்து நிமிஷம். இங்க எல்லா வீட்லயும் செய்யறதுதான். அதுக்கு மறுநாள் கால் இன்னும் மோசம், புதன்கிழமை ஒண்ணுக்கு இல்ல. "என் காலு தான் அவர் நரம்ப நசுக்கிடுச்சி"ன்னா.

அவளோட மாமியார் கோவிந்தம்மா வெதுருகுப்பத்துல இருக்காங்க. ஆபரேஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயே எல்லார் எதிர்லயும் சொன்னாங்களாம், இவ என் புள்ளைய மெதிச்சிக் கொன்னுட்டான்னு. அதுக்கப்புறம் இவகூட பேச்சு இல்ல. மாசத்துக்கு ரெண்டு தடவை பஸ் ஏறி வருவாங்க. பிள்ளைக்கு மட்டும் டிபன் பாக்ஸ்ல சோறு. இவ வீட்டுத் தண்ணிகூட குடிக்கமாட்டாங்க.

கொலுசைக் கழட்டி வெச்சுட்டாளாம். சத்தம் கேட்டா அவருக்கு ஞாபகம் வரும்னு. அவர் ஒண்ணுமே சொன்னதில்லையாம், ஒரு நாள்கூட. "அதான் மேடம் தாங்க முடியல"ன்னு அழுதா.

மிதிச்சதால மட்டும் இப்படி ஆகாதும்மான்னேன். அவ்வளவுதான் என் வாயில வந்தது.

"நீங்க நல்லவங்க. அதான் அப்டி சொல்றிங்க."

திரும்பி வரும்போது வண்டியை ரெண்டு தடவை ஓரம் கட்டினேன்.

ஜூலை 11, வெள்ளி

மெஷின் ஒயர் சரி பண்ணியாச்சு. கிளினிக்ல ஒன்பது பேர்.

மதியம் ஷட்டர் பாதி எறக்கிட்டு பழைய பேஷண்ட் கார்டு கட்டை எடுத்தேன். மார்ச். முனிரத்தினம், 38, வேன் டிரைவர். முதல் தேதி அந்தத் திங்கள். நேரம் 11.30. என் கையெழுத்து. "இடுப்பு வலி, ரெண்டு காலும் இழுப்பு. உட்கார்ற இடத்துல மதமதப்பு?"

எழுதியிருக்கேன். எழுதிட்டு பக்கத்துல ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கேன். அடுத்த வரி: கரண்ட் 15 நிமிஷம்.

இத்தனை நாளா காதுல விழுந்தும் கவனிக்கலன்னு நெனச்சுக்கினு இருந்தேன். இல்ல. கவனிச்சிருக்கேன்.

அமுலு மிதிச்சது சாயங்காலம். அவர் எங்கிட்ட சொன்னது காலையில.

மிதிச்சது நல்லதில்லதான். நரம்பு நசுங்கிக் கெடக்கும்போது மேல பாரம் ஏத்தினா கொஞ்சம் கூடியிருக்கலாம், கூடாமலும் இருந்திருக்கலாம். யாரும் சொல்லமுடியாது. ஆனா நான் பதினொன்றரைக்கே அனுப்பியிருந்தா சாயங்காலம் அவர் திருப்பதியில கட்டில்ல படுத்திருப்பார். அவ காலுக்குக் கீழ படுத்திருக்கமாட்டார்.

என் வீட்டுக்காரர் திருப்பதியிலிருந்து ஆறு மணி பஸ்ல வந்தார். காலேஜ்ல கணக்கு வாத்தியார். கார்டைக் காட்டினேன். எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் கார்டையே பாத்தார். அப்புறம் அதை மடிச்சு என் கையிலயே குடுத்துட்டு, இதை யார்கிட்டயும் காட்டாதன்னார். கேஸ் போட்டா கிளினிக் போயிடும், பேர் போயிடும், அவங்களுக்கும் கால் திரும்பி வரப்போறதில்ல. அவர் கெட்டவர் இல்ல. அவர் சொன்னதையேதான் பதினாறு மாசமா நானும் எனக்கு சொல்லிக்கினு இருக்கேன்.

உப்புமா கிண்டினேன். உப்பு போட மறந்துட்டேன். அவர் ஊறுகாய் தொட்டு சாப்பிட்டார்.

ஜூலை 12, சனி

காலையில கங்காதர நெல்லூர் போனேன். முனிரத்தினம் உட்கார்ந்து எழறது எட்டு. அமுலு மெஷின்ல இருந்தா, தலை நிமிரல. நேத்து மாமியார் வந்துட்டுப் போனாங்களாம். ஜன்னல்ல கழுவின டிபன் பாக்ஸ்.

சொல்லணும்னு போனேன். சொல்லல.

மதியம் கிளினிக். ஒரு கண்டக்டர் வந்து வாசல் பெஞ்சுல உட்கார்ந்தார். பெஞ்சு கிறீச்சுனு சத்தம். நான் உள்ளேயிருந்தே சத்தமா கேட்டுட்டேன், "ஒக்காந்தது தெரியுதா?"ன்னு. அவர் எழுந்துட்டார். என்ன மேடம், இங்க உட்காரக்கூடாதான்னு கேட்டார். கண்டக்டருக்கு சாதா பிடிப்பு. ரோடு குலுக்கல், நின்னுக்கினே வேலை.

எந்த நாற்காலி நகர்ந்தாலும் முனிரத்தினத்தோட அந்தக் குரல்தான். பகல்லயே. கூட்டத்துக்கு நடுவுலயே. குக்கர் சத்தத்துலகூட ஒரு தடவை.

அமுலு போன்: செவ்வாய்க்கிழமை திருப்பதியில செக்கப். டாக்டர் இங்கிலீஷ் கலந்து வேகமா பேசறது புரியல, கூட வருவீங்களா மேடம்.

ஜூலை 15, செவ்வாய்

திருப்பதி. கடுமையான வெயில், மலை தெளிவா தெரிஞ்சது. கார் பேசி போனோம். முன் சீட்டுல அவர், பின்னாடி நானும் அமுலுவும். வழியில ஒரு தடவை நிறுத்தி, துணி மறைச்சு, டியூப். அமுலு அவ்வளவு லாவகமா செய்யறா. எந்த நர்சும் அப்படி செய்யமாட்டாங்க.

ஆஸ்பத்திரியில மூணு மணி நேரம் காத்திருந்தோம். வாக்கர்ல வர்றவங்க, ஸ்ட்ரெச்சர், மலைக்குப் போய் நடந்ததுல மூட்டு வீங்கினவங்க. முன்னாடி பாத்த டாக்டர் மாறிட்டார். புதுசா ஒரு சின்ன வயசு டாக்டர். நல்லவர். பொறுமையா பாதத்தை ஊசியால தொட்டுத் தொட்டுப் பாத்தார். பாதம் இன்னும் கொஞ்சம் முன்னேறலாம், எக்சர்சைஸ் விடாதீங்க. டியூப் இப்படியேதான் இருக்கும்னு நெனைக்கறேன்னார். முனிரத்தினம் தலையாட்டினார். அவருக்குத் தெரிஞ்சதுதான்.

அப்புறம் டாக்டர் புது ஃபைல் எழுத ஆரம்பிச்சார். தெலுங்குல கேட்டார், மரத்துப்போனது முதல்ல எப்ப ஆரம்பிச்சதுன்னு.

முனிரத்தினம் வாயைத் தெறக்கறதுக்கு முன்னாடி அமுலு சொன்னா. தெலுங்குலயே. நான் மிதிச்சதுக்கு அப்புறம்னு.

டாக்டர் எழுதினார். எழுதினது என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அமுலுவோட தோளுக்குப் பக்கத்துல என் தோள். ஒரு சாண் இடைவெளிகூட இல்ல. என் பையில அந்தக் கார்டு இருந்தது.

முனிரத்தினம் என்னைப் பாத்தார். ஒரே ஒரு தடவை. அன்னிக்கு எங்கிட்ட சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கா இல்லையான்னு அந்தப் பார்வையில தெரியல.

நான் பையைத் தெறக்கல.

வெளிய வந்ததும் அமுலு எனக்கு இளநி வாங்கிக்குடுத்தா. தேங்க்ஸ் மேடம், நீங்க இருந்ததால தைரியமா இருந்ததுன்னா.

குடிச்சேன்.

ஜூலை 16, புதன்

தலைவலி. கிளினிக் லீவு. ஷட்டர்ல பேப்பர் ஒட்டிட்டு வந்தேன்.

நாளைக்கு அவங்ககிட்ட சொல்லப்போறேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்.  அவர் கேட்டார், சொன்னா உனக்கு நிம்மதி கிடைக்கும்னு நெனைக்கறியான்னு. நிம்மதிக்கு இல்லன்னேன். ஃபைல்ல தப்பா ஏறிடுச்சு, அவ பேர்ல ஏறிடுச்சு.  நாளைக்குக் காலையில நானும் கூட வரட்டுமான்னு மட்டும் கேட்டார். வேணாம்னேன்.

ஜூலை 17, வியாழன்

மூட்டம். கங்காதர நெல்லூர், 10 மணி.

முதல்ல எக்சர்சைஸ் முடிச்சேன். சொன்னதுக்கப்புறம் என்னைத் தொடவிடுவாங்களோ மாட்டாங்களோன்னு. உட்கார்ந்து எழறது பத்து. முதல் தடவையா பத்து.

அவரை நாற்காலியில உட்காரவெச்சுட்டு நானும் கீழ உட்கார்ந்தேன். மேல உட்காருங்க மேடம்னார். வேணாம்னேன். அமுலு மெஷின்ல இருந்தா. கார்டை எடுத்தேன். அந்த வரியை அப்படியே படிச்சேன். தேதி, நேரம், மதமதப்பு, கேள்விக்குறி வரைக்கும். அன்னிக்கே உங்களை திருப்பதிக்கு அனுப்பியிருக்கணும், அது நான் படிச்ச படிப்பு, அனுப்பல, புதன்கிழமை திரும்பவும் வந்தீங்க, அப்பவும் கேக்கலன்னேன். அனுப்பியிருந்தா எல்லாம் சரியாயிருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா நரம்பு பொழைக்க வழி இருந்ததுன்னேன்.

மெஷின் நின்னுடுச்சு.

முனிரத்தினம்தான் முதல்ல பேசினார்.

"ஒண்ணுக்கு வெசயம் நீங்க கேட்ருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன் மேடம். பொம்பளைங்க கிட்ட எப்டி சொல்றது. திங்கக்கெழமையே கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சி."

என்னைக் காப்பாத்தறதுக்காக சொல்றாரா, நெஜமாவே அப்படியான்னு தெரியல. இனிமே தெரியப்போறதும் இல்ல. நான் கேக்கல, அதான் விஷயம்னேன். கேட்டு நீங்க மறைச்சிருந்தா அது வேற.

அமுலு எழுந்து வந்தா. கார்டை வாங்கிப் பாத்தா. அவ படிச்சது தெலுங்கு மீடியம், தமிழ் எழுத்து கூட்டித்தான் படிப்பா. விரல் வெச்சு ஒவ்வொரு எழுத்தா.

"காலைலியே சொல்லிட்டாரா?"

காலையிலதான்னேன்.

"நான் மெதிச்சது வெளக்கு வெக்கற நேரம்."

ஆமான்னேன்.

 தெருவுல மாங்காய் வண்டி ஒண்ணு போற சத்தம். அப்புறம் அவ சொன்னா. கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"டாக்டரு எழுதறப்போ என் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தீங்க."

ஆமான்னேன்.

"நான் ஒங்ககிட்ட அழுதப்போ செருப்பு மாட்டிக்கினு இருந்தீங்க."

ஆமா.

"அன்னிக்கி தெரியாம பண்ணிட்டீங்க மேடம், அத வுடுங்க. இந்த ஒரு வாரமா தெரிஞ்சேதான என்னப் பேச வுட்டீங்க."

கார்டை என் மடியில வெச்சா. 

அவ உள்ள போய் கதவை சாத்திக்கினா. முனிரத்தினம் கையால நீங்க கெளம்புங்கன்னு காட்டினார். கோபமா இல்ல. களைப்பா.

ஜூலை 18, வெள்ளி

போன் வரல. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அவங்கன்னு நெனச்சேன். ஒரு தடவை ஜெல் பாட்டில் கம்பெனி, ரெண்டு தடவை அம்மா. நகரியில கரண்ட் இல்லாம தறி நின்னுக்கினு இருக்காம், நைனாவுக்கு இடுப்பு வலியாம், பலகையில குந்திக்கினே இருக்கறதால. அரைமணிக்கு ஒருக்கா எழுந்து நடக்கச் சொல்லுன்னேன். அந்த நாலு கேள்வியையும் கேட்டு சொல்லச் சொன்னேன். உங்க நைனாகிட்ட எப்படிடி இதெல்லாம் கேக்கறதுன்னாங்க அம்மா. போனை அவர்கிட்ட குடுக்கச் சொல்லி நானே கேட்டேன். ஒண்ணும் இல்லம்மா, வெறும் வலிதான்னார்.

திருப்பதி டாக்டருக்கு லெட்டர் எழுதினேன். என் லெட்டர் பேடுல, என் பேர் போட்டு. மரத்துப்போனது ஆரம்பிச்சது திங்கள் காலை 11.30க்கு முன்னாடி, பரிசோதிச்சது நான், உடனே அனுப்பாதது நான், மனைவி மிதிச்சது அதுக்கப்புறம். கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு கூட வெச்சு தபால்ல போட்டாச்சு. ரெண்டாவது ஜெராக்ஸ் அமுலுவுக்கு. கேஸ் போடணும்னா அவளுக்கு வேணும்.

கிளினிக் செவுத்துக்கு அட்டை எழுதினேன், தமிழ்லயும் தெலுங்குலயும். சாதா வலின்னா என்ன செய்யலாம்னு மேல. கீழ சிவப்பு ஸ்கெட்ச்ல: உட்கார்ற இடம் மரத்துப்போனா, ஒண்ணுக்கு வரலன்னா, அடக்க முடியலன்னா, காலுக்குப் பலம் போனா, எங்கிட்ட காத்திருக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி. தெலுங்குல "ஒண்ணுக்கு"க்கு எந்த வார்த்தை போட்டா கூச்சப்படாம படிப்பாங்கன்னு மெடிக்கல் ஷாப்காரரைக் கேட்டேன். அவருக்கே கூச்சம்.

ஜூலை 19, சனி

வரச்சொல்லல. போனேன். வேணாம்னு சொன்னா திரும்பிடலாம்னு.

அமுலு கதவைத் தெறந்தா. தள்ளி நின்னு வழி விட்டா. எக்சர்சைஸ் செஞ்சோம். முனிரத்தினம் எண்ணிக்கை மட்டும் சொன்னார். ஒன்பதுல நிறுத்திட்டார். ஜெராக்ஸை மெஷின் மேல வெச்சேன். அமுலு அதை மடிச்சு அரிசி டப்பாவுக்குள்ள போட்டா.

செருப்பு மாட்டும்போது வாசலுக்கு வந்தா.

"நாளைக்கி எங்க அத்தகிட்ட வந்து சொல்லணும். என் வாயால சொன்னா நம்ப மாட்டாங்க."

எத்தனை மணிக்குன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில மழை, எட்டு மணிக்கு விட்டுடுச்சு. முனிரத்தினத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பாத்துக்கறேன்னார். அமுலு என் ஸ்கூட்டி பின்னாடி. வெதுருகுப்பம் வரைக்கும் பின் கம்பியைப் பிடிச்சுக்கினே வந்தா. பள்ளம் வந்தா மட்டும் என் தோளைப் பிடிச்சா, தாண்டினதும் கையை எடுத்துட்டா.

கோவிந்தம்மா கடலைக் காட்டுல களை எடுத்துட்டு அப்பதான் வந்திருந்தாங்க. சேலை முட்டி வரைக்கும் ஈரம். அமுலுவைப் பாத்து முகத்தைத் திருப்பிக்கினாங்க. என்னை யாருன்னு கேட்டாங்க. அவங்க புள்ளைக்கு முதல்ல வைத்தியம் பாத்தவன்னேன்.

எல்லாம் சொன்னேன். வியாழக்கிழமையைவிட கஷ்டம். கட்டிலு, கரண்டு, மதமதப்பு, கேள்விக்குறி, ஒவ்வொண்ணுக்கும் அவங்க பாஷையில வார்த்தை தேடி. நடுவுல எங்கயோ திணறும்போது அமுலு எடுத்துக்குடுத்தா. கடைசியில சொன்னேன், உங்க மருமக மிதிச்சதால இல்ல, காலையிலயே ஆரம்பிச்சிடுச்சு, அப்பவே அனுப்பாதது நான்னு. திருப்பதி டாக்டருக்கும் எழுதிட்டேன்னு.

கோவிந்தம்மா ரொம்ப நேரம் ஈரச் சேலையைப் பிழிஞ்சுக்கினே இருந்தாங்க. அதுல தண்ணியே இல்ல, ஆனாலும் பிழிஞ்சாங்க. அமுலுகிட்ட மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இல்ல. உள்ள போனாங்க. அடுப்படியில பாத்திர சத்தம். அமுலு சுவத்துல சாய்ஞ்சு தரையைப் பாத்துக்கினு இருந்தா.

மூணு தட்டு எடுத்துக்கினு வந்தாங்க. கேழ்வரகு களி, கீரைக் குழம்பு. முதல் தட்டை அமுலு முன்னாடி வெச்சாங்க.

"துன்னு."

அமுலுவால முதல் வாய் முழுங்க முடியல. தண்ணி சொம்பை கோவிந்தம்மாவே அவ பக்கமா தள்ளினாங்க.

எனக்கும் வெச்சாங்க. எழுந்து போன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. எதிர்ல உட்கார்ந்து என்னையே பாத்தாங்க. அந்தக் கண்ணு முனிரத்தினத்தோட கண்ணு.

"அன்னிக்கி ஒனக்கு இன்னாம்மா அவசரம்?"

வெளிய பெஞ்சுல எட்டு பேர் காத்துக்கினு இருந்தாங்கன்னேன்.

அவங்களுக்கு என்னன்னு கேட்டாங்க. இடுப்பு வலின்னேன்.

"இப்போ எப்டி இருக்கறாங்க?"

எல்லாருக்கும் சரியாயிடுச்சுன்னேன். களியைப் பிட்டு வெச்சுக்கினே இருந்தேன், வாய்க்குக் கொண்டுபோகல. அவங்க இன்னும் பாத்துக்கினு இருந்தாங்க. அதனால மிச்சத்தையும் சொன்னேன். நான் பாக்கலன்னாலும் அந்த எட்டு பேருக்கும் ரெண்டு வாரத்துல தன்னால சரியாப் போயிருக்கும்னு.